பொய் சொல்லும் அடிவானம்

சுமத்திராவில் காடுகள் எரியும் காலங்களில், பினாங்குப் படகுத்துறையில் நிற்பவருக்குப் பட்டர்வொர்த் கரையும் தெரிவதில்லை, கொடிமலையும் தெரிவதில்லை. தரையில் இருப்பவருக்கு அந்தப் புகை கண்ணெரிச்சலும் இருமலுமாகக் கழிந்துவிடும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை நோக்கிச் சிறு விமானமொன்றைத் தனியே ஓட்டிவருபவருக்கோ, எது மேல், எது கீழ் என்பதே சந்தேகமாகிவிடக்கூடும்.

காரணம் நம் சரீரத்திலேயே இருக்கிறது. விமானம் திரும்பத் தொடங்குவதை உணர்த்தும் உட்செவித் திரவம், அத்திருப்பம் இருபது விநாடிபோலச் சீராக நீடித்தால், தானும் அதே வேகத்தில் சுழன்று, நேராகப் போகிறோம் என்ற பிரமையை உண்டாக்கிவிடுகிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளைச் சோதித்தபோது, வெளியுலகம் மறைந்தபின் விமானம் அவர்கள் கைமீறிப் போகச் சராசரியாக 178 விநாடிகளே ஆயின.

ஆகவே விமானி, எதிரிலே விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியையே நம்பப் பழகுகிறார். அதனுள் பம்பரமாய்ச் சுழலும் சக்கரம், விமானம் எப்படிச் சாய்ந்தாலும் தன் அச்சை மாற்றாது. பழைய சிறு விமானங்கள் பலவற்றில் அதைச் சுழற்றுவது, எஞ்சினோடு பிணைந்த பம்பு உறிஞ்சும் காற்று. பம்பு பழுதானால் சக்கரம் உடனே நிற்பதில்லை. மெல்ல வேகமிழந்து, மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வை மெய்யென்று கொண்ட விமானி, நேராகப் போகும் விமானத்தை எதிர்ப்பக்கம் சரித்துவிடுகிறார். 2000 அக்டோபர் 16 இரவு, அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான், அவர் மகன் ஓட்டிய செஸ்னா 335 மழையிலே வீழ்ந்து, உடனிருந்த உதவியாளரோடு மூவருமாக மாண்டபோதும், அடிவானக் கருவி பழுதுபட்டிருந்ததை விசாரணை கண்டது.

பெரிய விமானமும் இதற்கு விலக்கன்று. 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 747, இரண்டு நிமிஷத்துக்குள் அரபிக்கடலில் விழுந்து 213 பேரும் இறந்தனர். வலப்புறம் திரும்பி நிமிர்ந்த பின்னும் தலைமை விமானியின் கருவி வலச்சாய்வையே காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்த துணை விமானியின் கருவி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இருட்டில் எதை நம்புவதென்று தேர அவர்களுக்கு அவகாசம் கிட்டவில்லை.

பயிற்சியில் ஆசிரியர் அடிவானக் கருவியை வட்டத் தகட்டால் மூடிவிட்டு, மற்றக் கருவிகளைக்கொண்டே ஓட்டச் சொல்வது வழக்கம். நல்ல பழக்கந்தான், ஆனால் மூடிய கருவி தன் பழுதை அக்கணமே அறிவித்துவிடுகிறது, உண்மையில் கெடுவதோ அறிவிப்பதில்லை. மெல்லச் சாய்ந்து ஏமாற்றும் கருவியை, பறப்பதுபோல் பாவனை செய்யும் யந்திரத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் காட்டியாக வேண்டும். தனி மின்கலத்தால் இயங்கும் இரண்டாவது அடிவானக் கருவியையும், புகைக்குள் புகக்கூடிய ஒவ்வொரு சிறு விமானத்திலும் சட்டமாகவே பொருத்த வேண்டும்.