கிடார் வாசிக்கத் தெரியாதவர் செய்த கிடார் வித்தை!

முதுகைக் குடைந்து 5 ஸ்பிரிங் மாட்டினார்

கிடாரை அழ வைக்கலாம், சிணுங்க வைக்கலாம், குண்டு போடும் விமானம் போல உறும வைக்கலாம். எல்லாம் ஒரு சின்ன இரும்புக் கைப்பிடியின் வேலை!

அந்தக் கைப்பிடியை எலெக்ட்ரிக் கிடாரில் பொருத்திப் பெயர் வாங்கியவருக்குக் கிடாரே வாசிக்கத் தெரியாது. நம்ப முடிகிறதா?

அவர் பெயர் லியோ பெண்டர். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம் புல்லர்டன் நகரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். கடைக்கு வந்த பாட்டுக்காரர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் கிடாரே செய்யத் தொடங்கிவிட்டார்.

பணம் போச்சு!

அப்போது பால் பிக்ஸ்பி என்பவர் செய்த ஆட்டும் கைப்பிடிக்கு நல்ல கிராக்கி. "நாமும் ஒன்று செய்வோம்" என்று இறங்கினார் பெண்டர்.

முதலில் கம்பிகளை உருளைகள் மேல் ஓட விட்டார். வாசித்துப் பார்த்தால், சத்தம் எழும்பிய வேகத்தில் செத்துப் போனது! செய்து வைத்த அச்சு, கருவி எல்லாம் வீண்.

ஆனாலும் ஆள் அசரவில்லை. 1954-ல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிடார் வந்தது. இதில் பிரிட்ஜும், கம்பியைப் பிடிக்கும் இரும்புக் கட்டையும் சேர்ந்தே ஆடும்.

கயிறு இழுக்கும் போட்டி

சூட்சுமம் இதுதான். 6 கம்பிகளும் முன்பக்கம் சுமார் 45 கிலோ பலத்தோடு இழுக்கின்றன. முதுகுப் பக்கம் 5 ஸ்பிரிங்குகள் எதிராக இழுக்கின்றன. இரண்டும் சமமானால் பிரிட்ஜ் நிற்கும்.

கைப்பிடியை அமுக்கினால் கம்பி தளரும், சுருதி இறங்கும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தும்.

மாட்டுவது எப்படி?

சாதாரண கிடாரில் இதை மாட்ட வேண்டுமா? முதலில் டேப்பை எடுங்கள். அப்புறம் டிரில்லை எடுக்கலாம்.

கழுத்தின் உச்சியில் கம்பி படியும் 'நட்' முதல் 12-வது பிரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் வரையும் ஏறக்குறைய அவ்வளவே இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 12¾ அங்குலம். இங்கே கால் அங்குலம் பிசகினால் ஆயுசுக்கும் அபஸ்வரம்தான்!

பிறகு மரத்தை ஊடுருவிக் குடைந்து இரும்புக் கட்டைக்கு வழி விட வேண்டும். முதுகில் ஸ்பிரிங்குகளுக்கு ஒரு பள்ளம். முன்னால் 6 ஸ்குரு. பின்னால் ஸ்பிரிங் கொக்கித் தகட்டுக்கு 2 நீள ஸ்குரு. அந்தத் தகட்டில் எர்த் வயரைப் பற்ற வைக்க மறந்தால் 'ஙொய்' என்று இரைச்சல் வரும்.

ஸ்பிரிங் மாட்டும்போது கண் ஜாக்கிரதை! தெறித்தால் ஆபத்து.

கடைசியில் சுருதி சேர்க்க வேண்டும். ஒரு கம்பியை முறுக்கினால் மற்றவை தளரும். பொறுமையாக நாலைந்து சுற்று வர வேண்டும். 'நட்' பள்ளத்தில் பென்சில் கரி தடவினால் கம்பி சிக்காமல் வழுக்கும்.

ஒன்று நினைவிருக்கட்டும். குடைந்த மரம் திரும்ப வளராது! கழிவு மரத்தில் பழகிய பிறகே கிடாரில் கை வையுங்கள்.

பூட்டுப் போட்டவர்

பிரபல கிடார் மன்னன் எரிக் கிளாப்டன் என்ன செய்தார் தெரியுமா? பிரிட்ஜ் ஆடாதபடி மரத்துண்டு செருகிப் பூட்டிவிட்டார்! சுருதிதான் அவருக்கு முக்கியம்.

ரேடியோ கடைக்காரரோ 1965-ல் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார்.

வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? வாசிப்பவன் சொன்னதைக் கேட்கத் தெரிந்திருந்ததே!