காவிரியின் திமில் மீன்

மாணவர்களே, பெயர் தெரியாத ஒன்றைக் கணக்கேட்டில் எப்படி எழுதுவது? காவிரியில் வாழும் ஒரு மீனுக்கு இந்தச் சிக்கல் நேர்ந்தது.

அதுதான் திமில் மகசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் உயர்ந்திருப்பதால் இப்பெயர். 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 54 கிலோகிராம் எடையிருந்தது. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் இம்மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் கிடையாது.

காரணம் என்ன? 1839இல் சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன் ஒன்றுக்கு 'முசுல்லா' என்று பெயரிட்டார். திமில் மகசீரும் அதுவே எனப் பிற்காலத்தார் கருதினர். ஆனால் சைக்ஸ் கண்ட மீன், மகசீர்கள் அடங்கும் 'டோர்' பேரினத்தையே சேராதது எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. ஆகவே, பழைய பெயர் பறிபோயிற்று.

இதற்கிடையே 2007இல், கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த இளம் மீன்களைக் கொண்டு 'டோர் ரெமாதேவி' என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. பாம்பாற்று நீர் அமராவதி வழியே காவிரியை அடைகிறது என்பதைக் கவனியுங்கள். பின்னர் ஆய்வாளர்கள் மாயாற்றில் பிடித்த திமில் மகசீரின் உடலமைப்பையும் டி.என்.ஏ.வையும் பாம்பாற்று மீன்களுடன் ஒப்பிட்டனர். இரண்டும் ஒரே இனம் என்ற முடிவு 2018இல் வெளியாயிற்று. 2007இல் இட்ட பெயரே திமில் மகசீருக்கும் உரியதாயிற்று.

ஒரு பெயருக்கு இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். 1970களில் தொடங்கி, லோனாவாலாவில் குஞ்சு பொரிக்கச் செய்த நீலத்துடுப்பு மகசீர்கள் காவிரியிலும் விடப்பட்டன. இரண்டையும் 'மகசீர்' என்றே எண்ணினால், ஆற்றில் மீன் பெருகுவதாகத் தோன்றும். ஆனால் 1998 முதல் 2012 வரையிலான தூண்டிற்காரர்களின் குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகியதும் திமில் மீன் அருகியதும் தெரிந்தன. கூட்டுத்தொகை உண்மையை மறைத்துவிட்டது!

மேலும், அழியும் உயிர்களின் செம்பட்டியலில் ஓர் உயிரைச் சேர்க்க அறிவியல் பெயர் தேவை. பெயர் உறுதியான 2018ஆம் ஆண்டிலேயே, திமில் மகசீர் மிக அருகிய இனமாக அப்பட்டியலில் இடம்பெற்றது. அணைகளும், மணல் அள்ளுதலும், வெடி வைத்து மீன் பிடித்தலும் அதற்குப் பகையாக உள்ளன.

இனி, காவிரியில் மகசீர் ஏராளம் என்று யாரேனும் சொன்னால், "எந்த மகசீர்?" என்று கேளுங்கள்.