வாழும் ஊரைக் காணல்

தொலைவில் உள்ளவற்றைக் காண்பதற்கு மக்கள் பொருளையும் காலத்தையும் மனமுவந்து செலவிடுகின்றனர். தில்லிக்குச் செல்வோர் செங்கோட்டையைக் காணாமல் திரும்புவதில்லை. ஆக்ராவிற்குச் செல்வோர் தாஜ்மகாலைக் காணாமல் மீள்வதில்லை. ஆயின், சென்னையில் பிறந்து, சென்னையில் கற்று, சென்னையிலேயே தொழில் புரியும் ஒருவரை நோக்கி, “பாரிமுனையில் ஒரு பழைய கல் நிற்கின்றதே, அஃது என்ன கல்?” என்று வினவினால், அங்ஙனம் ஒரு கல் இருப்பதையே அவர் அறியார். நாள்தோறும் அதனருகே பேருந்திலிருந்து இறங்குபவராகவும் அவர் இருத்தல் கூடும்.

இது கண்ணின் குற்றம் அன்று, பழக்கத்தின் விளைவு. புதிதாக வந்தவர், ‘இஃது ஏன் இங்கே இருக்கின்றது?’ என்று எண்ணுகின்றார். ஊரில் வாழ்பவரோ, ‘இதனைக் கடந்து விரைவில் செல்வது எவ்வாறு?’ என்று எண்ணுகின்றார். முன்னவர் வினாவைப் பின்னவர் ஒரு நாளேனும் தம் வினாவாகக் கொள்வாராயின், பழகிய தெருவும் பேசத் தொடங்கும்.

பாரிமுனைக் கல்லையே முதலில் நோக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-ஆம் ஆண்டில் இக்கடற்கரையில் இடம் பெற்று, அடுத்த ஆண்டிலேயே கோட்டை கட்டலாயினர். நெசவாளரும் வணிகரும் கோட்டையின் வடபுறத்தில் குடியேற, ஆங்கே ஒரு நகரம் தோன்றிற்று. 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். மதிலை ஒட்டி வீடுகள் நெருங்கியிருந்தமையால் பகைவர் மறைந்து வருவது எளிதாயிற்று என்பது அப்போது புலப்பட்டது. ஆகவே, பிரெஞ்சுக்காரர் இடிக்கத் தொடங்கிய அப்பழைய நகரத்தை, 1749-ஆம் ஆண்டில் கோட்டையை மீளப் பெற்ற ஆங்கிலேயர் முற்றும் அகற்றினர். சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் அவ்வழிவிற்குத் தப்பவில்லை. பின்னர்ப் பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுப்பப்பட்டது.

வெட்டவெளியாக்கப்பட்ட அந்நிலத்தில் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக, 1773-ஆம் ஆண்டில் ஆறு எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சி நிற்பது பாரிமுனையில் டேர் மாளிகையை ஒட்டியுள்ள ஒரு கல்லே. கல்லின் தென்புறத்தே உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் தோன்றுகின்றன. 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அம்மன்றம், முன்னொரு காலத்தில் தறிகள் ஒலித்த தெருக்கள் இருந்த நிலத்தின் மீதே நிற்கின்றது. இச்செய்தியை அறிந்த பின்னர் அவ்விடத்தில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்க்குக் காலம் போவது தெரியாது.

அதே வளாகம் மற்றொரு விந்தையையும் காட்டும். சென்னையின் கலங்கரை விளக்கம் இதுவரை நான்கு இடங்களில் நின்றிருக்கின்றது. 1796-ஆம் ஆண்டில் கோட்டைக்குள் இருந்த வணிகர் மன்றத்தின் மாடியில் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. அக்கட்டடமே இப்போது கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பின்னர் 1844-ஆம் ஆண்டில் தனித்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. அத்தூண் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. மூன்றாவதாக, 1894-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்திலேயே விளக்கு அமைக்கப்பட்டது. நீதி வழங்கும் மாளிகை மாலுமிகட்கு வழியும் காட்டிய காட்சியை உலகில் வேறு எத்தனை நகரங்களில் காணல் இயலும்? 1977-ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்த பின்னரே அவ்வொளி அணைந்தது. ஒரே நாளில் நான்கினையும் கண்டு வருதல் நடக்கவல்ல சிறுவர்க்கும் அரிதன்று.

நீதிமன்ற மதிலில், கடலை நோக்கிய கிழக்குப் புறத்தில், ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. முதல் உலகப் போரின்போது, 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை அணுகிக் குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். மறுமொழியாக எழுந்த குண்டுகள் தன்னைத் தாக்குமுன் கப்பல் மறைந்து போயிற்று. கப்பல் போயினும் அதன் பெயர் தமிழ்நாட்டில் தங்கிவிட்டது. எவர்க்கும் பிடிகொடாத சூழ்ச்சிக்காரனை, ‘அவன் பெரிய எம்டன்’ என்று மக்கள் இன்றும் கூறுவர். ஒரு சொல்லின் பிறப்பிடத்தை நேரில் சென்று காணும் வாய்ப்பு மொழி கற்பார்க்கு எளிதில் கிட்டுவதன்று.

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ள கருங்கல் தூண் இவ்வளவு பேர் பெற்றதன்று. எனினும் அதன் சிறப்பு மிகப் பெரிது. 1792-ஆம் ஆண்டில் அங்கு அமைந்த வானாய்வுக் கூடத்தின் நினைவாகத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதன்மேல் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அங்கே கணித்த ‘சென்னை நேரமே’ நெடுங்காலம் நாட்டின் இருப்புப் பாதைகட்குரிய நேரமாக இருந்தது. 1906-ஆம் ஆண்டில் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட வேண்டியவாயின. இரகுநாதாச்சாரி என்னும் தென்னாட்டு அறிஞர், 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் இக்கூடத்திலேயாம். அத்தூணைக் காண விழைவோர் அலுவலகத்தாரிடம் இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும்.

கல்லும் கட்டடமும் மட்டும் வரலாறு உரைப்பதில்லை, பெயர்களும் உரைக்கும். இவ்வகையில் உள்ளூர்த் தமிழர்க்கு உள்ள உரிமை அயல்நாட்டுப் பயணிக்கு இல்லை. சிந்தாதிரிப்பேட்டை என்பது ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதன் திரிபு என்பர். 1734-ஆம் ஆண்டில் கம்பெனியார் நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றிய ஊர் அது. நெய்த துணி வெளுக்கப்பட்ட இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ச் சாலையில் உள்ள காலடிப்பேட்டையில் எந்தத் தெய்வத்தின் காலடியையும் தேடுதல் வேண்டா. காலட் என்னும் ஆங்கிலேய ஆளுநரின் பெயரே மக்கள் நாவில் அவ்வாறு மருவிற்று. மூன்று பெயர்களையும் சேர்த்து நோக்கின், சென்னை துணியால் வளர்ந்த நகரம் என்பது புலனாகும்.

இங்ஙனம் காணப் புறப்படுவோர் ஒரு நாளில் ஊர் முழுவதையும் சுற்ற முயலுதல் வீண் முயற்சி. அது வெளியூரார்க்கு உரிய விரைவு. மறுநாள் அவர் வண்டி ஏற வேண்டும். உள்ளூரார்க்கு அடுத்த ஞாயிறும் உண்டு. வெயில் ஏறுமுன் ஒரு தெருவைத் தேர்ந்து நடத்தல் நன்று. கடைப் பலகைகட்கு மேலே, மாடிச் சுவர்களை அண்ணாந்து பார்த்தால், கட்டிய ஆண்டு சுதையில் எழுதப்பட்டிருத்தலைப் பல இடங்களிற் காணலாம். ஐயம் தோன்றின், நெடுநாள் கடை வைத்திருக்கும் முதியவரிடம் கேட்கலாம். அவர் கூறுவன எல்லாம் மெய் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் நூல்கள் கூறாதனவும் அவற்றுள் இருக்கும்.

மற்றொரு காலம் வரட்டும் என்று ஒத்திவைத்தலில் ஓர் இடர் உண்டு. சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய நூல்கள் முதல் பறவைகள் வரை பலவும் விற்ற செங்கல் மாளிகையாகும். ‘என்றேனும் சென்று பார்ப்போம்’ என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். 1985-ஆம் ஆண்டில் அது தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்திற்குச் செல்வோர் காண்பது புறநகர் இரயில் நிலையத்தையே. அடையாற்று ஆலமரத்தின் தாய்மரம் 1989-ஆம் ஆண்டில் புயற்காற்றில் சாய்ந்தது, விழுதுகளே நிற்கின்றன. எல்லைக் கற்கள் ஆறனுள் ஐந்து எப்போது எவ்வாறு மறைந்தன என்பதைக் கேட்டு நின்றவரும் மிகச் சிலரே.

மறைந்தனவற்றுக்கும் நிற்பனவற்றுக்கும் இடைப்பட்ட நிலையில் ஒன்று உள்ளது. அதுவே பக்கிங்காம் கால்வாய். ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட இந்நீர்வழியில், உப்பும் நெல்லும் விறகும் படகுகளில் சென்னைக்கு வந்தன. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, பசித்த மக்கட்குக் கூலி அளிக்கும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து கல் தொலைவு அவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் வழங்கலாயிற்று. இப்போது அதில் படகில்லை. கழிவுநீரே தேங்கி நிற்கின்றது. 1995-ஆம் ஆண்டு முதல் ஓடும் பறக்கும் இரயிலின் தூண்கள், சேப்பாக்கத்திற்குத் தெற்கே அக்கால்வாயின் ஓரத்திலும் உள்ளிலும் ஊன்றப்பட்டுள்ளன. நாள்தோறும் அலுவலகம் செல்வோர் பலர், பஞ்சத்தில் மெலிந்த கைகள் வெட்டிய அந்நீர்வழியின் மேலே அமர்ந்து செல்கின்றனர். நாற்றம் வந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபுறம் திரும்பிக் கொள்கின்றனர். மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ இறங்கிக் கரையோரம் வாழும் முதியவர் ஒருவரை வினவினால், படகுகள் வந்து நின்ற துறை எது என்பதை இன்றும் கைநீட்டிக் காட்டக்கூடும்.