பௌதிகம் வரவில்லையா? முதலில் கணக்கைக் கவனியுங்கள்!

பெற்றோர்களே! நான்காம் படிவத்தில் ஆசையோடு அறிவியல் பாடங்களை எடுத்த பிள்ளை, சில மாதங்களிலேயே, “எனக்குப் பௌதிகம் வராதும்மா, பாடத்தை மாற்றிக்கொள்கிறேன்” என்கிறது. நாமும், ‘நம் பிள்ளைக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுகிறோம். சற்றுப் பொறுங்கள். பல சமயம் பிள்ளை சறுக்கியது பௌதிகத்தில் அல்ல; முதலாம், இரண்டாம் படிவங்களில் பிடிபடாமல் போன அல்ஜிப்ராவில்தான்.

அல்ஜிப்ரா என்றதும் மிரள வேண்டாம். நாம் நித்தமும் செய்வதுதான். மளிகைக் கடைக் கணக்கு 65 வெள்ளி. அதில் பழைய பாக்கி 20 வெள்ளி. மீதி மூன்று பை அரிசிக்கு. ஒரு பை என்ன விலை? முதலில் பாக்கியைக் கழிக்கிறோம். மிஞ்சிய 45-ஐ மூன்றால் வகுக்கிறோம். 15 வெள்ளி! விலை தெரியாத அந்தப் பைக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்தால் அதுவே அல்ஜிப்ரா. 65-ஐ முதலில் மூன்றால் வகுத்துவிட்டுப் பிறகு 20-ஐக் கழித்தால், ஒரு பை அரிசி இரண்டு வெள்ளிகூட இல்லை என்று வரும். கடைக்காரர் சிரிக்கமாட்டாரா?

இதில் உயிர்நாடி ‘சமம்’ என்ற குறி. ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் 1557-ஆம் ஆண்டில் தம் நூலில் இரண்டு இணைகோடுகளாக அதை அமைத்தார். அதைத் தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடுத்ததை மறு தட்டிலும் எடுக்க வேண்டும்.

இதை மறந்தால் பௌதிகத்தில் என்ன ஆகும்? நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள், பிரேக் பிடித்து 40 மீட்டரில் நிற்கிறது. அதன் முடுக்கம் என்ன? சூத்திரம் இது:

இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம்

எண்களை இட்டால், 0 = 400 + 80 × முடுக்கம். இரு பக்கமும் 400-ஐக் கழித்து, 80-ஆல் வகுத்தால் விடை −5. வேகம் குறைகிறது என்பதைக் கழித்தல் குறி காட்டுகிறது. 400-ஐக் குறி மாற்றாமல் அப்படியே மறுபக்கம் தூக்கி வைக்கும் பிள்ளைக்கு +5 வரும். அந்த விடைப்படி, பிரேக் பிடித்த மோட்டார் மேலும் வேகமெடுத்து ஓடுகிறது!

இன்னொன்று. ஒரு வர்க்கம் 9 + 16 என்று வந்தால், கூட்டி 25 ஆக்கி, வர்க்கமூலம் 5 என்று எழுத வேண்டும். சில பிள்ளைகள் தனித்தனியே மூலம் எடுத்து, 3 + 4 = 7 என்கிறார்கள். குவி வில்லைக் கணக்கில், பிம்பத்தின் தூரத்துக்குப் பின்னம் 1/30 என்று சரியாகக் கண்டுபிடித்தும், அதைத் தலைகீழாக்கி 30 சென்டிமீட்டர் என்று எழுதாமல் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இவையெல்லாம் பௌதிகம் தெரியாததால் வந்த தவறுகளா? இல்லையே!

எஸ்.பி.எம். பௌதிகத் தாளில் சூத்திரங்களை அச்சிட்டே கொடுக்கிறார்கள். ஆகவே, அவற்றை மனப்பாடம் செய்வதால் மட்டும் மதிப்பெண் வந்துவிடாது. வேண்டியதைச் சூத்திரத்திலிருந்து பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திருத்திய விடைத்தாளை ஆசிரியரிடமோ, மேல்வகுப்புப் பிள்ளையிடமோ காட்டுங்கள். சூத்திரத்தையே தவறாகத் தேர்ந்திருந்தால் பௌதிகத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். சூத்திரம் சரி, இட்ட எண்களும் சரி, அதன்பின் தவறு என்றால் அது அல்ஜிப்ராவின் குறை. அதற்குப் பௌதிக டியூஷனுக்குப் பணம் கட்டிப் பயனில்லை. இரண்டாம் படிவக் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். சூத்திரத்தை மாற்றி எழுதும் பயிற்சிகள் அதில் உண்டு. தினமும் இருபது நிமிடம் போதும்.

ஒரு வரியில் ஒரே மாற்றம் செய்யச் சொல்லுங்கள். கிடைத்த விடையைத் திரும்பவும் சூத்திரத்தில் இட்டு, இரு தட்டும் சமமாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அல்ஜிப்ரா தெரியாத தாயும் தந்தையும்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வரி எப்படி வந்தது? சொல்லு பார்ப்போம்” என்று கேட்கலாம். சொல்லத் தடுமாறும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறும் ஒளிந்திருக்கும்.

பௌதிகத்தைக் கைவிடும் பிள்ளைக்குப் பொறியியல் போன்ற படிப்புகளின் வாசல் குறுகிவிடும். பதினாறு வயதில் “எனக்கு வராது” என்று சொன்ன ஒரு சொல், வாழ்நாள் முழுதும் வழிமறிக்கக் கூடாது. பாடத்தை மாற்றும் பாரத்தில் கையெழுத்திடுமுன், அந்த விடைத்தாளை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.