மார்பின் கொடுப்பது பாவமா?

சென்ற தவக்காலத்தில், நோயில்பூசுதல் வழங்க வடக்கனந்தலில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எலும்பிற் பரவிய புற்றுநோயால் அத்தாய் புரண்டு படுக்கவும் இயலாது தவித்தார். தலைமாட்டில் பாரசிட்டமால் அட்டைகள். மருத்துவர் தந்த மார்பின் மாத்திரையோ பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. "அது அபின் அல்லவா, சாமி? அம்மா அடிமையாகிவிட்டால்? வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கட்டும்" என்றார் மூத்த மகன். தாயை உயிராய் நேசிப்பவர்தாம்.

அவர் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. நியூயார்க்கில், கை கால்களில் கடும் வலியோடு அவசர சிகிச்சைக்கு வந்த நானூற்றுக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிலருக்கு ஐபுபுரூஃபனும் பாரசிட்டமாலும், மற்றவர்களுக்கு அபின் வகை மருந்து சேர்ந்த மாத்திரையும் தந்தனர். இரண்டு மணி நேரத்திற்குப் பின் வலி தணிந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுளுக்குக்கு மார்பின் எதற்கு?

புற்றுநோயின் வலியோ வேறு. பாரசிட்டமாலுக்கு எல்லையுண்டு; வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மிஞ்சினால் ஈரல் கெடும். மார்பினையோ வலிக்கேற்ப மருத்துவர் படிப்படியாக உயர்த்தலாம். எளிய மருந்தில் தொடங்கி, போதாதபோது மார்பின்வரை செல்க என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1986-இலேயே வழிகாட்டியது. சாதாரண மார்பின் மாத்திரையை, வலி வரும்வரை காத்திராமல், நான்கு மணிக்கொரு முறை தருவது வழக்கம். முதல் சில நாள் உறக்கமும் குமட்டலும் வரலாம்; மலச்சிக்கல் நீடிக்கும், ஆதலால் பேதி மருந்தும் உடன் வேண்டும். திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக உண்பவர் போதைக்கு அடிமையாவது அரிது.

பாவமா என்ற ஐயத்திற்கு, 1957 பிப்ரவரி 24 அன்றே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு விடை பகர்ந்தார்: வேறு வழியில்லாதபோது, சாவை நாடாது வலியைத் தணிக்கவே தரப்படுமாயின், ஆயுள் சற்றுக் குறையக்கூடுமெனினும் அம்மருந்து தகும். துன்பத்தை ஒப்புக்கொடுப்பது துன்புறுபவரின் விருப்பம். தாய்க்காக மகன் ஒப்புக்கொடுக்க இயலாது. இதனைச் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

மகன் மருத்துவரை மீண்டும் கேட்டறிந்து, அன்றிரவே பெட்டியைத் திறந்தார். அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணையோடு சென்றபோது, தாய் தலையணையிற் சாய்ந்தமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இரவு இரண்டு மணி மாத்திரைக்காகத் தாம் அலாரம் வைத்திருப்பதை மகன் நமக்குக் காட்டினார்.