மேய்ச்சல் தரைக்கும் ஓய்வு வேண்டும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் மழை குறைவு, வெயில் மிகுதி. இந்த வறண்ட காற்றே தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு ஏற்றதாய் அமைந்தது. 1920களில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும், அதன்பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கூலி அளித்து வருகின்றன. ஆனால் அதே வறட்சி மேய்ச்சல் தரைக்குக் கேடாக முடிகிறது. மந்தை மேய்க்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தீவனமும் உரமும் விலையேறியுள்ளன. மழையோ, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. இல்லையேல் வாரக்கணக்கில் பொய்க்கிறது. இந்நிலையில் காசு கொடாமல் கிடைக்கும் தீவனம் புல்லே. அதனைக் காக்கும் வழியை இங்கே கவனிப்போம்.

புல் அழிவது ஏன்?

நமக்கு முக்கியமானது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையாகும். முதல் மழை பெய்தவுடன், வேரில் சேமித்துள்ள சத்தைக் கொண்டே புல் தளிர்க்கிறது. இலை வளர்ந்த பின்னரே வேருக்கு மீண்டும் உணவு செல்கிறது. தளிரிலேயே ஆடுகள் கடித்துவிட்டால் வேர் மெலிகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு நேர்ந்தால் புல் பட்டுப்போகிறது. வெறுந்தரையில் மழைத்துளி மோதி மண்ணை இறுக்குகிறது. நீர் உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு கண்மாய்க்கு ஓடிவிடுகிறது. மழை போதவில்லை என்று நாம் வருந்துவதில் ஒரு பங்கு, பெய்த மழையை நிலம் பிடித்து வைக்காததால் நேர்வதேயாகும்.

அடைத்து வைத்தல்

இதற்குப் பரிகாரம் அதிகச் செலவில்லாதது. மேய்ச்சல் தரையை நான்கு பாகங்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாகத்தை முதல் மழை முதல் விதை உதிரும் வரை அடைத்து வைக்க வேண்டும். மற்ற மூன்றிலும் மாற்றி மாற்றி மேய்க்கலாம். அடைத்த பாகத்தில் சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் எழுப்பினால் ஈரம் தங்கும். பருவமழைக்கு முன் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதை தூவலாம். புதிதாக அறுத்த விதை நன்கு முளைக்காது. முந்திய ஆண்டின் விதையே ஏற்றது. அதனுடன் செம்மண்ணில் முயல் மசாலும், கரிசலில் சங்குப்பூக் கொடியும் கலந்து விதைத்தால் மண்ணில் தழைச்சத்து சேரும். ஆடுகளுக்குப் புரதமும் கிடைக்கும்.

கிடையும் கருவேலும்

அறுவடை முடிந்த காடுகளில் இரவில் ஆட்டுக் கிடை அமர்த்துவது நம்மவர் பழைய வழக்கம். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேர்வதால் எருவைச் சுமந்து செல்லும் செலவில்லை. மழை பொய்த்தாலும் கிடை எருவின் பயன் அடுத்த பயிருக்குக் கிட்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சீமைக் கருவேல் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதைகள் சாணத்தோடு விழுந்து முளைக்கும். நெற்றுகளைப் பொறுக்கி, விதையும் நொறுங்க அரைத்து, பிற தீவனத்துடன் அளவாகக் கலந்து கொடுப்பது நலம். மரத்தை வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். வேரோடு பெயர்த்து, அவ்விடத்தில் உடனே புல் விதைக்க வேண்டும். பட்டாசுக் கழிவு கிடக்குமிடத்தில் மந்தையை விடலாகாது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் கால்நடைக்கு நஞ்சாகும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

ஒருவர் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்துப் பயனில்லை. அடுத்தவர் மந்தை மேய்ந்துவிடும். ஆகவே இது ஊர் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். மேய்ச்சல் புறம்போக்கின் உபயோகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பஞ்சாயத்துக்கு அளித்துள்ளது. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டுமென 2011இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பம், பட்டாசு வேலையில்லாத நாட்களில், புறம்போக்கில் மேயும் இரண்டு ஆடுகளை நம்பியே காலம் தள்ளுகிறது. அவர்களைக் கேளாமல் தரையை அடைத்தால், மண்ணைக் காக்கப் போய் ஏழையை வருத்தியதாகும். எனவே கிராம சபையில் அவர்களையும் கலந்தே பாகத்தை முடிவு செய்யவேண்டும். விதை உதிர்ந்தபின் அடைத்த பாகத்தில் புல்லறுக்கும் முதல் உரிமையையும் அவர்களுக்கே அளிக்க வேண்டும். வேலி காக்காத தரையையும் ஊர்க்கட்டுப்பாடு காக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு சிறு பாகத்திலேனும் இதனைத் தொடங்குவது நன்று.