அம்மா-அப்பா வழக்கு பாரிமுனையில், பையன் வழக்கு கெல்லீஸில்: குடும்பப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

கே.கே. நகரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா ஆறு மாதமாக வளசரவாக்கத்தில் தனியாக இருக்கிறார். அம்மா ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்குப் போவது குறைந்து, சிவன் பார்க் பக்கம் சுற்றுவது கூடிவிட்டது. ஒருநாள் ராத்திரி, பக்கத்துத் தெருவில் நின்ற யாருடைய பைக்கையோ வகுப்புத் தோழனுடன் எடுத்துக்கொண்டு போய் போலீஸில் மாட்டிக்கொள்கிறான்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த நிலைமையில் எந்த அம்மாவுக்கும் வரக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏற்கெனவே எங்க கேஸ் ஃபேமிலி கோர்ட்ல நடக்குது. அந்த ஜட்ஜ்கிட்டயே இதையும் சொல்லிடலாமா?"

முடியாது. ஒரே வீட்டுப் பிரச்சினைதான் என்றாலும் சட்டம் அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பெற்றோரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கும். பையனின் விவகாரம் கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இரண்டுக்கும் சட்டம் வேறு, கேட்பவர்கள் வேறு. இது தெரியாமல் முதலில் தப்பான கதவைத் தட்டுவதால் நஷ்டம் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான்.

குடும்ப நல நீதிமன்றம் எதையெல்லாம் விசாரிக்கும்?

1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் கீழ் இயங்குபவை இவை. விவாகரத்து, சேர்ந்து வாழக் கோரும் மனு, ஜீவனாம்சம், கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறு, குழந்தை யாரிடம் வளர்வது என எல்லாம் இங்கே வரும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் இந்த நீதிமன்றம் கட்டாயம் என்கிறது சட்டம்.

இந்த யோசனைக்குப் பின்னால் சென்னைக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். ஆந்திர மகிள சபாவை இங்கே தொடங்கிய துர்காபாய் தேஷ்முக். 1953-ல் சீனா போய் அங்குள்ள குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், இந்தியாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நேரு வரை பேசினார். சட்டம் வருவதற்கு மேலும் 30 ஆண்டுகள் ஆயின. அடையாறில் அவர் பெயரில் உள்ள மருத்துவமனையைத் தெரிந்த பலருக்கும் இந்தக் கதை தெரியாது.

மற்ற கோர்ட்டுகளிலிருந்து இது வேறுபடுவது இரண்டு விஷயங்களில். முதலாவது, வக்கீல். இங்கே வக்கீல் வைத்து வாதாடுவதை ஒரு உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது 13-வது பிரிவு. அதாவது, வக்கீல் இல்லாமலே நீங்கள் நேரில் ஆஜராகிப் பேசலாம். நடைமுறையில் நீதிமன்றம் அனுமதி கொடுத்து வக்கீல்களும் வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் "வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மனு போடாமல் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆலோசகர். சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிபதியின் கடமை என்று 9-வது பிரிவு சொல்வதால், கணவனும் மனைவியும் ஆஜரானதும் பெரும்பாலும் கவுன்சிலிங்குக்கு அனுப்பப்படுவார்கள். தேவைப்பட்டால் வழக்கு சமரச மையத்துக்கும் போகும். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்ற ஏற்பாட்டில் இந்தியாவுக்கே முன்னோடி, 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம்தான்.

கவுன்சிலிங் அறையில் சொல்வது வெளியே போகுமா?

பலரும் அங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கக் காரணம் இந்தப் பயம்தான். சமரசப் பேச்சில் கணவனும் மனைவியும் சொல்வது ரகசியம், அதைச் சாட்சியமாக்க முடியாது என்பது பொது விதி. ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், குழந்தையிடம் பேசிவிட்டு ஆலோசகர் தரும் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலன்தான் முதலில் என்பதால் அங்கே ரகசியம் என்ற சுவர் கிடையாது.

ஆகவே "ஆலோசகர் கேட்டா இப்படிச் சொல்லு" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போவது வேண்டாத வேலை. பழக்கப்பட்ட ஆலோசகருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளையின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு? விவரம் தெரிந்து சொல்லும் வயது என்றால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். இந்துக் குடும்பங்களுக்கான 1956-ம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். அதற்கு மேல் இத்தனை வயதென்றால் இவரிடம் என்ற நேர்க்கணக்கு எதுவும் இல்லை.

குழந்தையைப் பார்க்க வரும் அப்பாவையோ அம்மாவையோ வாசலிலேயே நிற்க வைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கத்தையும் நீதிமன்றம் கவனித்திருக்கிறது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், குழந்தையைப் பார்க்க வருபவரை விருந்தாளியாக நடத்த வேண்டும், குழந்தையின் கண் முன்னால் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். டீ கொடுத்து உட்கார வைப்பதைக்கூட ஒரு கோர்ட் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தோன்றலாம். சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது செல்லுமா?

சண்டை முற்றினால் மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதுதான் நம்மூர் வழக்கம். அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்றால் அங்கேதான் போக வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் நடக்கும் "கவுன்சிலிங்" வேறு, நீதிமன்றத்தில் நடப்பது வேறு. "இனி சேர்ந்து வாழ மாட்டோம், பையன் அம்மாவிடம் இருப்பான்" என்று ஸ்டேஷனில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது விவாகரத்து ஆகாது. கோர்ட் உத்தரவும் ஆகாது. நாளைக்கு ஒருவர் பேச்சு மாறினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதையும் அமல்படுத்த முடியாது.

சரி, பையன் என்ன ஆவான்?

அவனுக்கு 18 வயது ஆகவில்லை. ஆகவே 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான் அவனுக்குப் பொருந்தும். அந்த ராத்திரியில் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயங்கள் இதில்தான் அதிகம்.

அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இன்னும் முக்கியமானது: கொலை போன்ற கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால், சிறுவன் மீது எஃப்.ஐ.ஆர். போடவே கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்துவிட்டு அவனது குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன 2016-ம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள். "எஃப்.ஐ.ஆர். போட்டா வாழ்க்கையே போச்சு" என்று பதறி, யாரோ ஒருவர் கையில் பணத்தைத் திணிப்பதற்கு முன் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீன்தான் இங்கே விதி. விட்டால் அவனுக்கே ஆபத்து, கெட்ட கூட்டாளிகளிடம் போய்விடுவான் என்பது போன்ற சில காரணங்கள் இருந்தால் மட்டுமே மறுக்க முடியும். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களை இந்தச் சட்டம் "சிறு குற்றம்" என்கிறது. அவற்றில் நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். ஒருமுறை இரண்டு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும்.

தப்பு செய்தது உறுதியானால்? கண்டித்து அனுப்புவது, கவுன்சிலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகள் உண்டு. சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்க முடியாது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் என்றால் மட்டும் கதை மாறும்; பெரியவர் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பீடு செய்யும். மற்றபடி, இந்த வழக்கைக் காரணம் காட்டி பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதி நீக்கம் செய்யக் கூடாது. முடிந்த வழக்கின் விவரத்தைப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்காகவும் வெளியிடக் கூடாது. சிறுவனின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் போடக் கூடாது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சிசிடிவி படத்தைப் பரப்பும் அங்கிள்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு வழக்கும் சந்திக்கவே சந்திக்காதா?

ஒரு இடத்தில் சந்திக்கும். பையனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன சண்டை, எப்போதிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை என்று எல்லாவற்றையும் அவர் விசாரிப்பார். பையன் வீட்டுக்கு வருவானா, அரசு இல்லத்துக்குப் போவானா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அவரிடம் அப்பா அம்மாவையும் அம்மா அப்பாவையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், அறிக்கையில் பதிவாவது "வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்பதாகத்தான் இருக்கும். விவாகரத்து வழக்கின் வாதங்களைக் கெல்லீஸுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

அதேபோல, குடும்ப நல நீதிமன்றத்திலும் பையனுக்காக ஒன்று கேட்கலாம். மருத்துவர், மனநல நிபுணர், சமூக நல நிபுணர் ஆகியோரின் உதவியைப் பெற நீதிபதிக்கு 12-வது பிரிவு அதிகாரம் தருகிறது. "பிள்ளைக்கு உளவியல் ஆலோசனை தேவை" என்று மனுவில் பெற்றோர் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 2014 முதல் குடும்ப நீதிமன்றமும் இளையர் நீதிமன்றமும் ஒரே குடும்ப நீதி நீதிமன்ற அமைப்பின் கீழ் உள்ளன. கட்டுக்கு அடங்காத பிள்ளைக்காகப் பெற்றோரே இளையர் நீதிமன்றத்தில் மனு செய்யவும் வழி உண்டு. நியூயார்க்கில் இன்னொரு விநோதம்: அங்குள்ள குடும்ப நீதிமன்றம் சிறார் வழக்கை விசாரிக்கும், ஆனால் விவாகரத்துக்கு வேறு கோர்ட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்பதை இந்தியாவில் முதலில் செய்து காட்டியது நமது மாகாணம்தான். 1920-ம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம், வங்கத்துக்கும் பம்பாய்க்கும் முந்தியது.

குற்றம் எதுவும் இல்லை, பிள்ளை பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான் என்றால்?

அப்போது கோர்ட்டும் வேண்டாம், போலீஸும் வேண்டாம். "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்" என்று பெற்றோரே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவது நடக்கத்தான் செய்கிறது. பிள்ளைக்கு அது ஆறாத அவமானமாகிவிடலாம். 1098 என்ற சிறார் உதவி எண், 14416 என்ற டெலி மானஸ் மனநல எண், இரண்டுமே இலவசம், இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குபவை. போதைப் பழக்கம் என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வீட்டில் அடி, பட்டினி, பார்த்துக்கொள்ள யாருமில்லை என்ற நிலை இருந்தால் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. அங்கே போலீஸ்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ அழைத்து வரலாம். பிள்ளையே நேரில் போய் நிற்கலாம்.

காதல் விவகாரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 17 வயதுப் பெண் ஒரு பையனோடு போய்விட்டாள் என்று கோபத்தில் கொடுக்கும் புகார் போக்சோ வழக்காக மாறலாம். 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பது சட்டத்தில் கிடையாது. வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அப்படிப் போட்ட புகாரைப் பின்னால் "வாபஸ்" வாங்குவது நினைப்பது போல எளிதல்ல.

செலவு, போகும் வழி

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஜீவனாம்ச மனு 2024 ஜூலை 1 முதல் பழைய 125-வது பிரிவுக்குப் பதிலாகப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் போடப்படுகிறது. கணவன், மனைவி இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கே.கே. நகரிலிருந்து போகிறவர்கள் அசோக் நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கலாம். வளாகத்துக்குள் நுழைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நீதிபதியோ ஆலோசகரோ வரச் சொல்லாத வாய்தாவுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போடவைத்து அழைத்துப் போக வேண்டியதில்லை.